தூங்கும்போது தாண்டுகிற பாலம்

சென்னையிலிருந்து தெற்கே போகிற ராத்திரி ரயில்களுக்கு ஒரு டைம்டேபிள் உண்டு. ரயில்வே அச்சடித்தது அல்ல, நாமே வைத்துக்கொண்டது. செங்கல்பட்டு வரை சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்கிற சத்தம். விழுப்புரம் வரை, ‘கொஞ்சம் லோயர் பெர்த் விட்டுத் தர்றீங்களா, அம்மாவுக்கு முட்டி வலி’ பஞ்சாயத்து. விருத்தாசலம் தாண்டினால் மொத்தப் பெட்டியும் குறட்டை. அதற்கப்புறம் அரியலூர் என்று ஒரு ஸ்டேஷன் வருவது அங்கே இறங்குகிறவர்களுக்கும் டி.டி.ஆருக்கும் மட்டுமே தெரிந்த ரகசியம்.

அரியலூரை விட்டுத் திருச்சிப் பக்கம் கிளம்பின சில நிமிஷத்தில் சக்கரச் சத்தம் ஒரு தடவை மாறும். ‘தடதட’ கொஞ்ச நேரம் ‘கணகண’வாகிவிட்டு மறுபடி ‘தடதட’வாகிவிடும். அவ்வளவுதான். நீங்கள் ஒரு பாலத்தைத் தாண்டிவிட்டீர்கள். புரண்டுகூடப் படுத்திருக்க மாட்டீர்கள்.

அந்தப் பாலத்துக்குக் கீழே ஓடுவது மருதையாறு. ஓடுவது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வருஷத்தில் முக்கால்வாசி நாள் மணலும் கருவேல முள்ளுமாகக் கிடக்கும். இந்தச் சின்ன ஆறுதான் 1956ஆம் வருஷம் நவம்பர் 23ஆம் தேதி விடியற்காலையில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸைக் கவிழ்த்து, 140 பேருக்கும் மேல் விழுங்கி, டெல்லியில் ஒரு மந்திரியின் நாற்காலியையும் காலி செய்தது. லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா செய்த கதை எல்லோருக்கும் தெரியும். பொது அறிவு கைடிலேயே இருக்கிறது. எந்த ஆறு, எந்தப் பாலம் என்று கேட்டால், சர்வீஸ் கமிஷன் பரீட்சைக்கு உருப்போட்டவர்கள்கூடக் கூரையைப் பார்ப்பார்கள்.

அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்று லீவ் லெட்டர் நீட்டினபோது பக்கத்து சீட் நண்பர் சொன்னது:

“பாம்பன் பாலம் பாக்கப் போறேன்னா புரியுது. ஹௌரான்னா புரியுது. மருதையாத்துப் பாலமா? அங்க போட்டோ எடுத்துக்க என்னய்யா இருக்கு?”

நியாயமான கேள்விதான். அங்கே போட்டோ எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை.

ஆற்றைப் பார்ப்பதென்றால் பிறந்த வீட்டிலிருந்து பார்க்க வேண்டும் என்று முதலில் பெரம்பலூர் பஸ் பிடித்தேன். பெரம்பலூருக்கு பஸ்தான் பிடிக்க முடியும். மாவட்டத் தலைநகரம், நாலு வழிச் சாலை, கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள் எல்லாம் இருந்தும் ரயில் மட்டும் கிடையாது. தேர்தலுக்குத் தேர்தல் ரயில் வருகிறது என்று சொல்வார்கள். வருவது ரயில் பற்றிய பேச்சுதான். ரயிலே இல்லாத பெரம்பலூர்ச் சீமையில் பிறந்த ஆறு, பக்கத்து ஊருக்குப் போய் ரயிலைக் கவிழ்த்தது என்பது விதியின் குசும்பு.

வடமேற்கே பச்சைமலை. அங்கே பெய்கிற மழைதான் மருதையாற்றின் மூலதனம். ஓடைகளாக இறங்கி, ஒன்று சேர்ந்து, பெரம்பலூர் மாவட்டத்தைத் தாண்டி, அரியலூருக்குத் தெற்கே சுற்றிக்கொண்டு போய்க் கொள்ளிடத்தில் கலக்கிறது. வழியில் கொட்டரை என்ற இடத்தில் இப்போது ஒரு நீர்த்தேக்கம் கட்டியிருக்கிறார்கள். 1956இல் அதுவும் கிடையாது. மலையில் விழுந்த மழை தடுப்பார் யாருமின்றி நேராகப் பாலத்துக்கு வந்து சேரும்.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். அந்த 30 கிலோமீட்டரில் இந்த இரண்டு ஊரும் அடித்துக்கொண்ட, சேர்ந்துகொண்ட கதை ஒரு சினிமாவுக்குக் காணும். 1995இல் திருச்சி மாவட்டத்தைப் பிரித்துப் பெரம்பலூரை மாவட்டமாக்கினார்கள். 2001 ஜனவரியில் அதிலிருந்து அரியலூர் தனிக்குடித்தனம் போனது. 2002இல் ‘வேண்டாம், ஒண்ணாவே இருங்க’ என்று மறுபடி சேர்த்தார்கள். 2007இல் திரும்பப் பிரித்தார்கள். அப்படி அரியலூர் மாவட்டம் இரண்டாம் தடவை பிறந்த தேதி எது தெரியுமோ? நவம்பர் 23. ரயில் கவிழ்ந்த அதே தேதி. யாரும் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். காலண்டரைப் பார்த்தபோது யாருக்கும் ஞாபகம் வரவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அது இன்னும் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது.

அரியலூர் சுண்ணாம்புக்கல் ஊர். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அதில் செத்த சங்கும் நத்தையும் மற்ற ஜீவராசிகளும் அழுந்தி அழுந்திக் கல்லாகி, அந்தக் கல்லைத் தோண்டித்தான் இன்றைக்கு சிமென்ட் ஆலைகள் ஓடுகின்றன. நம் ஊர் ஃபிளாட் சுவரில் ஆணி அடிக்கும்போது ஒரு பழைய சமுத்திரத்தின் மேல் அடிக்கிறோம். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. காலை வேளையில் போனால் நீங்களும் நாலைந்து பள்ளிப் பிள்ளைகளும் மட்டும் இருப்பீர்கள், நிம்மதியாகப் பார்க்கலாம். சாலையில்தான் நிம்மதி இருக்காது. சுண்ணாம்புக்கல் லாரிகள் வருகிற வேகத்துக்கு நாமே புதைபடிவமாகிவிடுவோமோ என்று இருக்கும்.

ஸ்டேஷன் வாசல் டீக்கடையில் மருதையாற்று ரயில் பாலத்துக்கு வழி கேட்டேன்.

“அங்க எதுக்கு சார்?”

“சும்மா பாக்க.”

டீ ஆற்றுகிறவர் ஆற்றுவதை நிறுத்தினார். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் என் காலிலிருந்து தலை வரை பார்த்தார். ரயில்வே ஸ்டேஷனுக்கு வந்து தனியாகப் பாலத்துக்கு வழி கேட்கிற ஆளைப் பற்றி என்ன நினைப்பார்களோ அதை நினைத்துவிட்டார்கள்.

“வீட்ல ஏதும் பிரச்சினையா தம்பி?” என்றார் பேப்பர்காரர், மெதுவாக.

விளக்கம் சொல்லிப் புரிய வைப்பதற்குள் இரண்டாவது டீ ஆறிவிட்டது. புரிந்ததும் அவரே எழுந்து, “வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். ரயில்வேலதான் இருந்தேன். கேங்மேனா சேந்து கீமேனா ரிட்டயர் ஆனேன்” என்றார். ஒரு ஊரில் எதைப் பார்க்கப் போனாலும் அதைப் பற்றித் தெரிந்த ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். இது தமிழ்நாட்டின் ஆயிரம் வருஷத்து ஏற்பாடு.

ஆட்டோ போகிற மட்டும் ஆட்டோ. அப்புறம் முள்ளுக் காட்டு ஒற்றையடிப் பாதை. தண்டவாளத்தோடு நடந்தால் சீக்கிரம் போகலாமே என்றேன். “நடக்கக் கூடாது. கேஸு” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். ரிட்டயர் ஆனாலும் ரயில்வேக்காரர்.

மணலில் இறங்கி நின்றோம். ஐப்பசி மாதமாதலால் ஆற்றில் வேட்டி அகலத்துக்கு ஒரு நீர் ஓடிக்கொண்டிருந்தது. கணுக்கால் நனையும். மேலே பாலம். இன்றைக்கு இது அகலப் பாதை, இரட்டை லைன், மின்சாரக் கம்பி எல்லாம் வந்த பாலம். 1956இல் மீட்டர் கேஜ், ஒற்றை லைன், நீராவி எஞ்சின். நாங்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு ரயில் வந்தது. பத்திருபது எண்ணுவதற்குள் மொத்த ரயிலும் போய்விட்டது. ஜன்னலோரத்தில் ஒரு பையன் மட்டும் எங்களுக்குக் கை ஆட்டினான்.

இந்த இடத்தில் அந்த ராத்திரியைச் சொல்லிவிட வேண்டும்.

நவம்பர் 22, 1956, வியாழக்கிழமை ராத்திரி. எழும்பூரிலிருந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் 9.50க்குக் கிளம்பியது. கார்த்திகை அடைமழை. விழுப்புரம், விருத்தாசலம் வழியாக வருகிற இந்தக் கார்டு லைன் 1920களின் கடைசியில் தென்னிந்திய ரயில்வே போட்டது. மாயவரம், தஞ்சாவூர் என்று காவிரி டெல்டாவைச் சுற்றிப் போகிற மெயின் லைனைவிடத் திருச்சிக்குக் குறுக்கு வழி. குறுக்கு வழி என்பதால் வேகமான ரயில்களெல்லாம் இதில்தான். விடியற்காலை அரியலூரை விட்டுக் கிளம்பியது. அடுத்த பெரிய ஊர் திருச்சி, இன்னும் 70 கிலோமீட்டர் சொச்சம். திருச்சியில் இறங்குகிறவர்கள் படுக்கையைச் சுருட்ட ஆரம்பித்திருக்க வேண்டிய நேரம். மற்றவர்கள் நல்ல தூக்கத்தில் இருந்தார்கள்.

மணி ஐந்தரை வாக்கில், அரியலூருக்கும் கல்லகத்துக்கும் நடுவில், மருதையாற்றுப் பாலம். ஆறு கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்தது. பாலத்தை ஒட்டிய மண் கரையை வெள்ளம் அரித்திருந்தது. எஞ்சினும் அதன் பின்னால் வந்த முன்பக்கப் பெட்டிகளும் ஆற்றுக்குள் போயின. மழை, இருட்டு, வெள்ளம். தண்ணீருக்குள் மூடின பெட்டி. நீந்தத் தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் அங்கே வித்தியாசமே கிடையாது. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காயம்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். ஆறு இழுத்துக்கொண்டு போன கணக்கு எத்தனை என்பதில் அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி, புத்தகத்துக்குப் புத்தகம் எண் மாறுகிறது.

பெரியவர் பாலத்தைக் கையால் காட்டினார். “பாலம் விழுந்துச்சுன்னு சொல்லுவாங்க தம்பி. பாலம் எங்க விழுது? பாலத்துக்கும் கரைக்கும் நடுவுல இருக்கிற மண்ணு போயிரும். அதான் எமன்.”

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் பாலம் என்றதும் நாம் தூணையும் கர்டரையும்தான் பார்க்கிறோம். எஞ்சினியர்கள் பயப்படுவது வேறு இடத்துக்கு.

ஆறு இயற்கையாக எவ்வளவு அகலம் வேண்டுமானாலும் விரித்துக்கொண்டு ஓடும். பாலம் கட்டுகிறவர், செலவைக் குறைக்க, இரண்டு பக்கமும் மண்ணைக் கொட்டிக் கரை உயர்த்தி, நடுவில் மட்டும் தண்ணீருக்கு வழி விடுகிறார். முந்நூற்றறுபது நாளைக்கு அந்த வழி தாராளம். மீதி அஞ்சு நாளைக்கு, சினிமா விட்டதும் ஒரே கதவு வழியாக மொத்தத் தியேட்டரும் வெளியே வருகிற மாதிரி ஆகிவிடும். கதவில் நெரிசல். தண்ணீர் பாலத்துக்கு மேல்பக்கம் தேங்கி உயரும். உயர்ந்த தண்ணீர் கரையின் மூலையில் சுழித்துக்கொண்டு, கல் கட்டடமும் மண்ணும் சேருகிற அந்த இடத்தைக் குடைய ஆரம்பிக்கும். கல்லை ஒன்றும் செய்ய முடியாது. மண்ணைக் கரைத்துவிடும். எஞ்சினியர்கள் இதை ‘ஸ்கவர்’ என்பார்கள். நம் கிராமத்தில் அரிப்பு.

இதிலுள்ள கொடூரம் என்னவென்றால், மண் போன பிறகும் தண்டவாளம் அப்படியே இருக்கும். ஸ்லீப்பர் கட்டைகளைப் பிடித்துக்கொண்டு, கயிற்று ஏணி மாதிரி அந்தரத்தில் தொங்கும். எஞ்சின் டிரைவருக்குத் தன் விளக்கு வெளிச்சத்தில் முன்னால் தெரிவது பளபளக்கிற இரண்டு ரயில். அவை இருக்கின்றன. அடியில் பூமி இல்லை என்பது எஞ்சின் ஏறின பிறகுதான் தெரியும்.

பெரிய ஆற்றுப் பாலங்களுக்கு இந்த ஆபத்து இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் பெரிய ஆறு சொல்லிக்கொண்டு வரும். இதே ரயில் இன்னும் ஒரு மணி நேரம் போனால் ஸ்ரீரங்கத்துக்கு முன்னால் கொள்ளிடத்தைத் தாண்டும். அங்கே மட்டும் பாதிப் பெட்டி விழித்துக்கொண்டு ஜன்னலோரம் வரும், கோபுரம் தெரிகிறதா என்று. கொள்ளிடத்தில் வெள்ளம் வருவதென்றால் முதலில் மேட்டூர் நிரம்ப வேண்டும். மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் முக்கொம்பு வந்து சேர ஒன்றிரண்டு நாள் பிடிக்கும். அதற்குள் கலெக்டர் அறிக்கை, தண்டோரா, டி.வி.யில் ஃபிளாஷ் நியூஸ், பாலத்தில் நின்று வேடிக்கை பார்க்கக் கூட்டம், கூட்டத்துக்கு மிளகாய் பஜ்ஜி எல்லாம் வந்துவிடும்.

2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தில் வந்த வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் அப்பால் 1928இல் கட்டின பழைய சாலைப் பாலத்தின் தூண்கள் சரிந்து விழுந்தன. அதே வாரம் முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 9 ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போயின. பெரிய சேதம்தான். ஆனால் பாலத்தில் ஒரு வண்டி இல்லை. பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு 2016லேயே பழையதில் போக்குவரத்தை நிறுத்தியிருந்தார்கள். அது விழுவதை ஊரே நின்று பார்த்தது. செல்போனில் படம் எடுத்தது.

மருதையாற்றுக்கு மேட்டூரும் கிடையாது, தண்டோராவும் கிடையாது. பச்சைமலைப் பக்கம் சாயங்காலம் கொட்டினால் ராத்திரியே இங்கே வந்து நிற்கும். வரும்போது வழியிலிருக்கிற ஏரி ஏதாவது உடைந்தால் அதையும் கூட்டிக்கொண்டு வரும்.

இந்தியாவின் ரயில் விபத்துப் பட்டியலைப் பாருங்கள். கங்கையிலும் கோதாவரியிலும் அல்ல, பெயர் தெரியாத ஓடைகளில்தான் இந்த மாதிரி சாவு. மருதையாற்றுக்கு மூன்று மாதம் முன்னால், 1956 செப்டம்பர் 2ஆம் தேதி, ஹைதராபாத் பக்கம் மகபூப்நகருக்கும் ஜட்சர்லாவுக்கும் நடுவில் ஒரு பாலம் போய் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 2005 அக்டோபரில் அதே தெலங்கானா பக்கம் வலிகொண்டா அருகே, வெள்ளம் சின்னப் பாலத்தை அரித்துக்கொண்டு போனது தெரியாமல் விடியற்காலை பாசஞ்சர் வந்தது. அங்கும் நூற்றுக்கு மேல். 2015 ஆகஸ்டில் மத்தியப் பிரதேசம் ஹர்தா பக்கம் மாசக் என்று ஒரு ஆறு. ராத்திரி ஒரே இடத்தில் எதிரும் புதிருமாக வந்த இரண்டு ரயில் தடம் புரண்டன. இந்த ஆறுகளின் பேரை நீங்கள் இதற்கு முன் கேட்டிருக்கிறீர்களா?

நம் நாட்டு வியாதி மட்டும் இல்லை. நியூஸிலாந்தில் 1953 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் ராத்திரி, டாங்கிவாய் என்ற இடத்தில், எரிமலை உச்சியிலிருந்த ஏரி உடைந்து ஒரு சாதாரண ஆற்றில் இறங்கிப் பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட்டது. எக்ஸ்பிரஸ் ரயில் வந்துகொண்டிருந்தது. அந்த வழியாக வண்டியில் வந்த சிரில் எல்லிஸ் என்ற தபால் இலாகா குமாஸ்தா, நிலைமையைப் பார்த்துவிட்டுக் கையில் டார்ச்சோடு ரயிலை நோக்கி ஓடினார். டிரைவர் பிரேக் போட்டார். ஆனாலும் 151 பேர் இறந்தார்கள். பின்னால் இருந்த பெட்டிகள் கரையிலேயே நின்றன. குமாஸ்தா என்பதைக் கவனியுங்கள். நம்ம ஜாதி.

பெரியவருக்கு இதைச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. “டார்ச்சு கையில இருந்துச்சே, அதச் சொல்லுங்க” என்றார்.

சாஸ்திரி விஷயத்துக்கு வருவோம். மகபூப்நகர் விபத்து நடந்தபோதே அவர் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டார். நேரு வாங்க மறுத்துவிட்டார். அரியலூருக்கு அப்புறம் மறுபடி கொடுத்தார். இந்தத் தடவை நேரு ஏற்றுக்கொண்டார். விபத்துக்கு சாஸ்திரி எந்த விதத்திலும் காரணம் என்பதால் அல்ல, ஜனநாயகத்தில் இப்படி ஒரு முன்னுதாரணம் இருக்க வேண்டும் என்பதற்காக என்று பார்லிமென்டில் விளக்கமும் சொன்னார். நம் ஆபீஸில் ஒரு ஃபைல் தொலைந்தாலே ‘என் டேபிளுக்கு வரவே இல்லை சார்’ என்கிறோம். அவர் டேபிளிலிருந்து அரியலூர் ஆயிரத்தைந்நூறு மைல். அந்தப் பெருமையில் ஒரு துளியும் குறைக்க மாட்டேன். சாஸ்திரி அடுத்த வருஷமே தேர்தலில் ஜெயித்து மறுபடி மந்திரியானார். 1964இல் பிரதமர். அதற்கப்புறம் ரயில் விபத்துக்காகப் பதவி விலகின மந்திரி என்று சொன்னால் 1999இல் கைசால் விபத்துக்குப் பிறகு நிதிஷ் குமார் ஞாபகம் வருவார். பெரிய பட்டியல் இல்லை.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரிப் போயிற்று. அப்போது ரயில்வே துணை மந்திரியாக இருந்தவர் ஓ.வி.அழகேசன், நம்ம ஊர்க்காரர். 1957இல் தி.மு.க. முதல் தடவையாகத் தேர்தலில் நின்றது. அரியலூரையும் அழகேசனையும் எதுகை மோனையில் கட்டி ஒரு கோஷம் தெருத் தெருவாகப் போனது. அறுபது வயசுக்கு மேற்பட்ட உங்கள் உறவினர் யாரையாவது கேளுங்கள், அவர்கள் அப்பா சொல்லிக் கேட்டதாக ராகத்தோடு சொல்லிக் காட்டுவார்கள். இதே கார்டு லைனில் கொஞ்சம் தெற்கே, டால்மியாபுரத்தின் பெயரைக் கல்லக்குடி என்று மாற்றச் சொல்லி 1953இல் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்த ஸ்டேஷன் இருக்கிறது. மூன்று வருஷ இடைவெளியில் ஐந்தாறு ஸ்டேஷனுக்குள் இரண்டு சரித்திரம். அரசியல் எந்த எக்ஸ்பிரஸில் வருகிறது என்று சொல்லவே முடியாது.

எனக்குள்ள வருத்தமெல்லாம் இதுதான். டெல்லிக்கு அரியலூர் என்றால் ராஜினாமா. மெட்ராஸுக்கு அரியலூர் என்றால் கோஷம். முன்பக்கப் பெட்டிகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் இரண்டிலும் இல்லை. திருச்சிக்கும் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் டிக்கெட் எடுத்தவர்கள். வேலைக்குச் சேரப் போனவன் இருந்திருப்பான், கார்த்திகைக் கல்யாணத்துக்குப் போனவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் ஒரு எண்ணாகக்கூட உருப்படியாக நிற்கவில்லை.

பெரியவர் ஒரு பீடி பற்றவைத்துக்கொண்டு தூணைக் காட்டினார். “அந்தக் கோடு தெரியுதா? தண்ணி அதத் தொட்டா அபாயம். வண்டிய நிறுத்தணும்.”

“ராத்திரி யாரு பாப்பா?”

“ரோந்து போறவன்தான் பாப்பான். நான் போயிருக்கேன், எத்தன மழைக்காலம்.”

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மழைக்காலத்தில், ஆபத்தான பகுதிகளில், ராத்திரி முழுக்க டிராக்கோடு நடப்பதற்கென்று ஆள் உண்டு. ஒவ்வொருவருக்கும் இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு ‘பீட்’. கையில் சிவப்பும் பச்சையும் காட்டுகிற விளக்கு, டார்ச், விசில், டப்பாவில் டெட்டனேட்டர், தலையில் கோணி மடிப்போ மழைக்கோட்டோ, பையில் ஒரு ரோந்துப் புத்தகம். பீட் முடிகிற இடத்தில் எதிர் பீட்டுக்காரன் வந்து நிற்பான். இவன் புத்தகம் அவனிடம், அவன் புத்தகம் இவனிடம். மாற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். அந்தப் புத்தகம் மாறவில்லையென்றால் ஒருத்தன் நடக்கவில்லை, அல்லது நடக்க முடியாமல் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டர் வருவதற்கு எவ்வளவோ முன்னால் யாரோ ஒரு மகானுபாவன் யோசித்த அட்டெண்டன்ஸ் சிஸ்டம். ஒருவருக்காக இன்னொருவர் கையெழுத்துப் போட முடியாது. நம் ஆபீஸுக்கு இது வந்தால் பாதிப் பேர் வி.ஆர்.எஸ். வாங்கிவிடுவோம்.

“மண்ணு அரிச்சிருக்குன்னு பாத்துட்டீங்க. என்ன செய்வீங்க?”

“ஓடணும்.”

“எங்க?”

“வண்டி வர்ற பக்கமா. வேற எங்க?”

600 மீட்டர் ஓடித் தண்டவாளத்தில் ஒரு டெட்டனேட்டர் கட்ட வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிக்கும். டிரைவருக்கு அந்தச் சத்தம்தான் எச்சரிக்கை. அப்புறம் இன்னும் ஓடி, மொத்தம் 1200 மீட்டரில், பத்துப் பத்து மீட்டர் தள்ளி மூன்று கட்ட வேண்டும். அகலப் பாதைக் கணக்கு இது. மீட்டர் கேஜில் 400, 800. ஏன் அவ்வளவு தூரம் என்றால், வேகமாக வருகிற ரயில் பிரேக் போட்டதும் நிற்காது. அத்தனை நீளம் வழுக்கிக்கொண்டு வந்துதான் நிற்கும். ஜல்லிக் கல்லில், மழையில், கும்மிருட்டில், பாம்பு தேளெல்லாம் மேட்டைத் தேடி டிராக்குக்கு ஏறி வந்திருக்கிற நேரத்தில் 1200 மீட்டர் ஓட்டம். நான் காலையில் மெரினாவில் நாலு விளக்குக் கம்பம் ஓடினாலே போன் போட்டு நண்பர்களுக்குச் சொல்கிறவன்.

ரயில்வே கணக்கில் ஒரு பாலத்தை ‘மேஜர்’ என்று சொல்ல மொத்தத் தண்ணீர் வழி 18 மீட்டர் இருந்தால் போதும். 300 மீட்டருக்குப் போனால் ‘முக்கியப் பாலம்’. நம் பாஷையில் பார்த்தால் 18 மீட்டர் என்பது ஒரு கல்யாண மண்டபத்தின் ஹால். மேஜர் என்ற வார்த்தையை இவ்வளவு சின்னப் பாலத்துக்கே கொடுத்துவிட்டார்களே என்று முதலில் சிரிப்பு வந்தது. ஆற்றுக்குள் நின்று அந்த மூலையை, கல்லும் மண்ணும் சேருகிற இடத்தை, ஒரு நிமிஷம் பார்த்தபோது சிரிப்பு நின்றது. சரிவு முழுக்கக் கருங்கல் பதித்திருக்கிறார்கள். இப்போது பல பாலங்களில் நீர்மட்டம் பார்த்துத் தானாக எஸ்.எம்.எஸ். அனுப்புகிற கருவியும் வைக்கிறார்கள்.

“நல்லதுதான்” என்றார் பெரியவர். “தண்ணி எவ்ளோ ஒசரம்னு அது சொல்லிரும். மண்ணு இருக்கா இல்லையான்னு கால வச்சுப் பாக்கணும்.”

“ரயில் தாண்டும்போது நீங்க எங்க நிப்பீங்க?”

“ஒதுங்கி, வண்டி வர்ற பக்கம் பாத்து, எடது கைப் பக்கம் நிக்கணும். சட்டைல நம்பர் தகடு குத்தியிருக்கும். விளக்க அது மேல திருப்பிக் காட்டணும். நான் இங்கதான் இருக்கேன், லைன் நல்லாருக்குன்னு டிரைவருக்குத் தெரியணும்ல.”

“டிரைவர் ஏதாவது சொல்வாரா?”

“ஒரு விசில் குடுப்பாரு. சிலபேர் குடுக்க மாட்டாங்க. அவங்களுக்கு என்ன அவசரமோ.”

எனக்குத் திருச்சிக்கு மாலை ரயில். மணலிலிருந்து மேலேறி, முள்ளை ஒதுக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு நடந்தோம். பாதி வழியில் அவர் நின்று, கையை நெற்றிக்கு வைத்துக்கொண்டு பெரம்பலூர்ப் பக்கம் பார்த்தார். எனக்கு அங்கே சாதாரண மேகமாகத்தான் தெரிந்தது.

“பச்சமலப் பக்கம் கறுத்துக் கெடக்கு” என்றார். “இன்னிக்கு ராத்திரி பீட்ல இருக்கிற பயலுக்கு வேல இருக்கு.”